ஈரலில் 11 செ.மீ. கட்டி: நாய்ப்புழுவா, வேறா? ஒரு தடவை உறிஞ்சி எடுத்தும் திரும்ப ஊறிவிட்டது

களத்துக்காரி | கார்த்திகை, 2024

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 46 வயது. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார், கணக்கு வழக்கு என் கையில். அது போக ஆறு ஏக்கர் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் காடு), இருபத்து நாலு செம்மறி, ஒரு நாய். நோயைக் கேட்க வந்தவள் ஆட்டையும் நாயையும் ஏன் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். அதில்தான் சிக்கலே ஆரம்பித்தது.

களத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கட்டியின் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தே சொல்கிறேன்.

2019 ஆடி. சாப்பிட்டு எழுந்தால் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். பித்தப்பையில் கல் இருக்கும் என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. ஈரலில் நீர்க்கட்டி, 5 செ.மீ., சாதாரணமானது, பயப்பட வேண்டாம் என்றார்கள். நானும் பயப்படாமல் மூன்று வருஷம் ஓட்டினேன்.

2022 தை. பொங்கலுக்குப் பொறந்த வீட்டுக்குப் போனபோது அம்மா வயிற்றைப் பார்த்துவிட்டு "என்ன கண்ணு, முழுகாம இருக்கியா?" என்றாள். 44 வயதில்! மறுபடி ஸ்கேன், 8 செ.மீ. ஒரு ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) ஊசி போட்டு உறிஞ்சினார்கள். 250 மி.லி. வந்தது. செக்கெண்ணெயின் அடியில் தங்கும் கசடு மாதிரி பழுப்பாக இருந்தது. அதைச் சோதித்து, புற்றுநோய் செல் இல்லை என்று தாள் கொடுத்தார்கள்.

2022 சித்திரை. மூன்றே மாதம். பழையபடி 7.5 செ.மீ. வலி இல்லாததால் நான் அப்புறம் போகவில்லை. அது என் தப்பு.

2024 ஐப்பசி. இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டில் இருப்பது இது: ஈரலின் நாலாம் பகுதியில் 11.4 செ.மீ. கட்டி. உள்ளே பல தடுப்புகள், அதில் ஒன்று தடிப்பு. படத்துக்கான மருந்தை ஊசியில் ஏற்றியதும் அந்தத் தடுப்பு பளிச்சென்று தெரிகிறது. பக்கத்துப் பித்தக் குழாய் லேசாக விரிந்திருக்கிறது. ஈரலில் வேறு நீர்க்கட்டி ஒன்றுகூட இல்லை. ரத்தத்தில் சி.ஏ. 19-9 என்று ஒன்று (புற்றுநோய்க் குறியாகப் பார்ப்பதாம்) 86 இருக்கிறது. 37க்குள் இருக்க வேண்டுமாம்.

இனி குழப்பம். முதல் டாக்டர் படத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே "ஆடு வளர்க்கிறீங்களா? நாய் இருக்கா?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "அப்போ நாய்ப்புழுக் கட்டிதான், ஹைடாடிட்" என்று அல்பெண்டசோல் 400 என்ற புழு மாத்திரையைக் காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார். அதற்கான எலிசா ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தது. நெகட்டிவ் வந்தாலும் இருக்கலாம் என்றார். கோவையில் ஈரல் அறுவை டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். இது மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம் என்ற அபூர்வக் கட்டி மாதிரி இருக்கிறது, ஈரலின் இடது பாதியோடு சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்றார். பழைய ஆஸ்பத்திரியில் கேட்டால், மறுபடி உறிஞ்சிவிட்டு உள்ளே ஆல்கஹால் செலுத்தினால் சுருங்கிவிடும், அரை நாள் வேலை என்கிறார்கள்.

ஒரே படத்துக்கு மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள். களத்தில் என்றால் தேங்காய்ப் பருப்பை உடைத்துப் பார்த்துத் தீர்த்துவிடலாம். இதை எதை வைத்து முடிவு செய்வது? 86 என்றால் புற்றுநோயா? மாமியார் நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடச் சொல்கிறார். அதையும் யாராவது சொல்லுங்கள்.

நிழற்படக்காரன் | அதே நாள் இரவு

வணக்கம்ங்க. கோவையில் ரேடியாலஜி பார்க்கிறேன். படத்தைப் பார்க்காமல் இதுதான் என்று சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை. ஆனால் நீங்கள் எடுத்து எழுதிய ரிப்போர்ட் வரிகளில் நிறைய விஷயம் இருக்கிறது.

முதலில் உங்கள் கணக்கு நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். 5, 8, 11 என்று பார்த்தால் ஏதோ மெல்ல வளர்ந்த மாதிரி தெரியும். உருண்டை என்று வைத்துக் கொள்ளளவு பாருங்கள். 5 செ.மீ. என்பது சுமார் 65 மி.லி. 8 என்பது சுமார் 270. (உங்களுக்கு 250 வந்தது சரியாகத்தான் இருக்கிறது.) 11.4 என்பது 775க்குப் பக்கம். ஐந்து வருஷத்தில் பன்னிரண்டு மடங்கு. இரண்டு வாயில் வயிறு நிறைவது இதனால்தான். நாலாம் பகுதி இரைப்பைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஈரலில் வரும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த தண்ணீர், தடுப்பு எதுவும் கிடையாது. தொந்தரவு இல்லாவிட்டால் திரும்பத் திரும்ப ஸ்கேன்கூட வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்திருப்பதுதான் உங்கள் அறுவை டாக்டர் சொன்ன கட்டி. நூறு நீர்க்கட்டியில் ஐந்துகூடத் தேறாது. முன்பு பிலியரி சிஸ்டடினோமா என்பார்கள். 2010இல் உலக சுகாதார நிறுவனம் பெயரை மாற்றி, கருப்பையின் பக்கத்துச் சினைப்பையில் இருப்பது போன்ற ஒரு திசு சுவரில் இருந்தால்தான் இந்தப் பெயர் என்று வரையறுத்தது. ஈரலுக்குள் சினைப்பைத் திசு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கருவில் இரண்டும் அக்கம்பக்கத்தில் வளரும்போது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது என்பது பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். அதனால்தான் இது ஏறக்குறைய பெண்களுக்கு மட்டுமே வருகிறது. அதிலும் நாற்பது ஐம்பது வயதில், ஈரலின் இடது பக்கம், குறிப்பாக நாலாம் பகுதியில். உங்கள் வயதையும் இடத்தையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

படத்தில் நாங்கள் தேடுவது தடுப்பைத்தான். சாதாரணக் கட்டிக்குள் ரத்தம் கசிந்தாலும் நூல் நூலாகத் தடுப்பு மாதிரி தெரியும். அது உறைந்த ரத்தம், அதில் ரத்த ஓட்டம் இருக்காது. ஆகவே மருந்து ஏற்றினாலும் ஒளிராது. உங்களுடையது ஒளிர்கிறது என்றால் அது உயிருள்ள திசு. இன்னொன்று, தடுப்பு எந்த இடத்தில் கிளம்புகிறது என்பது. வெளிச்சுவர் அங்கே உள்ளே குழிந்திருந்தால், இரண்டு சாதாரணக் கட்டிகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன என்று அர்த்தம். சுவர் வழவழவென்று உருண்டையாகவே போய், அதில் இருந்து தடுப்பு கிளம்பினால் சந்தேகம் கூடும். எம்.ஆர்.ஐ. எழுதியவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வாருங்கள்.

ஈரல் நோய்க்கான ஐரோப்பியச் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் இதற்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். தடித்த தடுப்பு, சுவரில் முடிச்சு, இவை இரண்டும் பெரிய குறி. மெல்லிய தடுப்பு, பித்தக் குழாய் விரிவு, உள்ளே ரத்தக் கசிவு, சுற்றியுள்ள ஈரலில் ரத்த ஓட்ட மாறுதல், ஈரலில் மொத்தம் மூன்றுக்கும் குறைவான கட்டிகள், இவையெல்லாம் சின்னக் குறி. பெரியதில் ஒன்றும் சின்னதில் ஒன்றும் சேர்ந்தால் இந்தக் கட்டி என்று சந்தேகப்பட வேண்டும். உங்களுக்குப் பெரியது ஒன்று, சின்னது குறைந்தது இரண்டு.

86க்கு வருகிறேன். அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண நீர்க்கட்டியின் உள்தோலே சி.ஏ. 19-9ஐச் சுரக்கும். ரத்தத்தில் எடுத்தாலும் கட்டி நீரில் எடுத்தாலும் அது நல்லது கெட்டதைப் பிரித்துக் காட்டாது. அதே மாதிரி 2022இல் கிடைத்த "புற்றுநோய் செல் இல்லை" தாளையும் பெரிதாக நம்ப வேண்டாம். உறிஞ்சிய நீரில் பெரும்பாலும் செல்லே வராது. வராததை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது.

ஹைடாடிட் என்று நினைத்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டுப்பட்டி, நாய், தடுப்புள்ள கட்டி என்று மூன்றும் சேர்ந்தால் யாருக்கும் அதுதான் முதலில் தோன்றும், தோன்றவும் வேண்டும். எலிசா நெகட்டிவ் வந்தாலும் இருக்கலாம் என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் ஹைடாடிட்டுக்குத் தனி முகம் உண்டு. பெரிய கட்டிக்குள் குட்டிக் கட்டிகள் வண்டிச் சக்கரம் மாதிரி அடுக்கி இருக்கும், அல்லது உள்சவ்வு கழன்று குளத்தில் அல்லி மாதிரி மிதக்கும், அல்லது சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கும். இதில் எதுவாவது உங்கள் படத்தில் உண்டா என்று கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதியவரிடம் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள். அது ஈரல் என்சைமையும் வெள்ளணுவையும் பாதிக்கும், இடையில் ரத்தம் பார்க்க வேண்டிய மருந்து.

2022இல் ஊசி போடுமுன் ஹைடாடிட் பரிசோதனை எடுத்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காமல் குத்தியிருந்தால் அதிர்ஷ்டசாலி நீங்கள். ஹைடாடிட் நீர் வயிற்றுக்குள் சிந்தினால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், புழுவும் பரவலாம். இந்தக் காலத்திலும் ஹைடாடிட்டை ஊசியால் வைத்தியம் செய்கிறார்கள், ஆனால் மாத்திரைப் பாதுகாப்போடு, தேர்ந்தெடுத்த வகைக் கட்டிகளுக்கு மட்டும்.

ஆல்கஹால் யோசனை சாதாரண நீர்க்கட்டிக்குச் சரி. உங்கள் ரிப்போர்ட்டுக்குச் சரியில்லை. அந்தத் தடுப்புக்கு விளக்கம் கிடைக்காத வரை இனி ஊசி வேண்டாம்.

மாட்டு டாக்டர் | மறுநாள்

அம்மணி, நான் தாராபுரம் பக்கம் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நாய் என்ன பாவம் செய்தது? இந்தப் புழு நாயின் குடலில் நெல்மணி அளவுகூட இல்லாமல் இருக்கும். முட்டை நாயின் கழிவில் வரும். ஆடு மேயும்போது அதைத் தின்னும், ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி உண்டாகும். அந்த ஈரலை நாய் தின்றால் மறுபடி நாய்க்குள் புழு. இதுதான் வட்டம். மனிதன் இடையில் அகப்படுபவன். கழுவாத கை, கழுவாத கீரை வழியாக முட்டை உள்ளே போனால்தான் நமக்கு வரும். ஆட்டுக்கறி தின்றதால் வராது. இதைப் பலர் தப்பாக நினைக்கிறார்கள்.

ஆகவே வட்டத்தை அறுக்கும் இடம் கிடாவெட்டுதான். நோம்பியில் (கோயில் திருவிழாவில்) வெட்டிய கிடாயின் ஈரலில் நீர்க்குமிழ் தெரிந்தால் "இது ஆகாது" என்று வீசி எறிவோம், நாய் கவ்விக்கொண்டு போகும். அங்கேதான் தவறு. குழி தோண்டி ஆழமாகப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். நாய்க்கு எடை பார்த்துப் பிராசிகுவான்டெல் மாத்திரையைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஆட்டுக்குப் போடும் குடற்புழு மருந்து எல்லாமே இந்தப் புழுவைக் கொல்லும் என்று நினைக்காதீர்கள். தொட்டபின் சோப்பில் கை கழுவ வேண்டும். மாமியாரிடம் சொல்லுங்கள், நாய் போனால் கிளுவை வேலிக்குள் நரி வரும்.

பவானிக்கரை | இரண்டு நாள் கழித்து

அக்கா, இதே கட்டி எனக்கு இருந்தது. எனக்கு இப்போது 41. முதல் தடவை 2017இல், சாதாரண நீர்க்கட்டி என்று நினைத்து லேப்ராஸ்கோப்பியில் மேல் கூரையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். மூன்று சின்னத் தழும்பு, மூன்றாம் நாள் வீடு. எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். வெட்டிய கூரையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்கவே எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை வருஷத்தில் அதே இடத்தில் அதே கட்டி.

இரண்டாவது ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் சொன்னதை மறக்கவில்லை. "சாதாரணக் கட்டியில் கூரையை எடுத்தால் நீர் வயிற்றுக்குள் வடிந்து போகும், கதை முடிந்தது. இதில் சுவரே பயிர். வேர் இருக்கும்போது மேலே அறுத்தால் தழையும்." முழுதாக எடுக்கப் பெரிய அறுவை. விலாவுக்குக் கீழே தலைகீழ் எல் மாதிரி தையல். பழைய அறுவையால் எல்லாம் ஒட்டிக்கிடந்ததால் கூடுதல் நேரம் ஆனது.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வயிற்றில் வைக்கும் குழாயில் நாலாம் நாள் பச்சையாக வந்தது. நான் அழுதுவிட்டேன். பித்தம் கசிகிறது, தானாக நிற்கும் என்றார்கள். பதினெட்டு நாள் குழாயோடுதான் வீட்டில் இருந்தேன், அப்புறம் நின்றுவிட்டது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். இன்னொன்று, இருமினால் தையல் உயிர் போகிற மாதிரி வலிக்கும். ஒரு தலையணையை வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் இப்போதே எடுத்துவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். உங்கள் ஆஸ்பத்திரியும் உங்கள் அறுவையும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேருவதற்கு முன்னால் கேளுங்கள், சேர்ந்த பிறகு அல்ல.

மூலிகை நேசன் | அதே நாள்

கத்தி வேண்டாம் சகோதரி. கீழாநெல்லியை வேரோடு அரைத்து மோரில் 48 நாள் குடியுங்கள். எப்பேர்ப்பட்ட ஈரல் கட்டியும் கரையும். என் சித்தப்பாவுக்குக் கரைந்தது.

நிழற்படக்காரன் | அதே நாள்

உங்கள் சித்தப்பாவுக்கு என்ன கட்டி, எந்தப் படத்தில் கரைந்தது தெரிந்தது என்று சொன்னால் பேசலாம். இந்தக் கட்டியின் சுவர் செல்லால் ஆனது, கரையும் உப்பு இல்லை. இந்த வகைக் கட்டியில் ஒரு சிறு பங்கு நாளடைவில் புற்றாக மாறும். அதனால்தான் காத்திருக்காமல் எடுக்கச் சொல்கிறார்கள். அறுவைக்கு முன்னால் கஷாயம், லேகியம் எதைக் குடித்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

களத்துக்காரி | ஒரு வாரம் கழித்து

எல்லோருக்கும் நன்றிங்க. நீங்கள் சொன்ன கேள்விகளோடு போனேன். வெளிச்சுவரில் குழிவு இல்லை, குட்டிக் கட்டி இல்லை, மிதக்கும் சவ்வு இல்லை, சுண்ணாம்பும் இல்லை. 2019 ஸ்கேன் படத்தைத் தேடி எடுத்தேன். பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்திருந்தது முழுசாக வெளுத்துப்போய் வெறும் சாம்பல் தாளாக இருந்தது. நல்லவேளை, 2022இல் எடுத்தது குறுந்தட்டில் இருந்தது. அதை ஓட்டிப் பார்த்த டாக்டர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "தடுப்பு அப்போவே இருக்குங்க" என்றார். மெல்லியதாக ஒரே ஒரு கோடு. அன்று யாரும் கவனிக்கவில்லை.

அல்பெண்டசோலை எழுதிய டாக்டரிடமே போய் எல்லாவற்றையும் காட்டினேன். அவர் வீம்பு பிடிக்கவில்லை. படத்தைத் திரும்பப் பார்த்துவிட்டு, "அறுவைதான் சரி, மாத்திரையை நிறுத்திக்கலாம்" என்று அவரே எழுதிக் கொடுத்தார். இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஒரு சந்தேகம். கட்டியை மட்டும் சுரண்டி எடுக்காமல் ஏன் பாதி ஈரலையே எடுக்க வேண்டும்? மிச்ச ஈரல் போதுமா?

நிழற்படக்காரன் | மறுநாள்

நல்ல கேள்வி. ஈரலை எட்டுப் பங்காகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1950களில் கூய்நோ என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் வகுத்தார். தோட்டத்தைப் பங்கு பிரிக்கிற மாதிரி. ஒவ்வொரு பங்குக்கும் தண்ணீர் பாயத் தனி வாய்க்கால், பித்தம் இறங்கத் தனி வடிகால். ஒரு பங்கின் வாய்க்காலை அடைத்து எடுத்தால் பக்கத்துப் பங்கு வாடாது. உங்கள் கட்டி நாலாம் பங்கை முழுக்க அடைத்துக்கொண்டு, இடது பக்க வாய்க்கால் நுழையும் வாயிலை அழுத்துகிறது. அதனால் 2, 3, 4 மூன்றையும் எடுப்பது பாதுகாப்பு என்று நினைத்திருப்பார். கட்டி ஓரமாக இருப்பவர்களுக்கு அதை மட்டும் தோலோடு உரித்து எடுப்பதும் உண்டு. எதுவானாலும் சுவரில் ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது.

பாதி என்று சொன்னாலும் இடது பக்கம் உண்மையில் ஈரலில் மூன்றில் ஒரு பங்குதான். மிச்சம் தாராளம். நலமான ஈரல் சில வாரங்களில் பருத்துக் கொடுக்கும். மிச்சம் எவ்வளவு என்று சி.டி. ஸ்கேனில் முன்கூட்டியே அளந்தும் பார்ப்பார்கள். மாதவிடாய்க்கு ஏதாவது ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? இந்தக் கட்டியின் திசுவில் பெண் ஹார்மோனை ஏற்கும் இடங்கள் உண்டு. அறுவை டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

களத்துக்காரி | பங்குனி, 2025

மூன்று மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. சிலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தை மாதம் பூசம் முடிந்த வாரம் அறுவை. காலை எட்டு மணிக்கு உள்ளே போனேன், கண் விழித்தபோது சாயங்காலம். இடது பக்க ஈரலும் பித்தப்பையும் கட்டியோடு ஒரே துண்டாக வந்ததாம். உடையவில்லை, சிந்தவில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒரு தட்டில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். "உரிச்ச தேங்காய விடப் பெருசு" என்று மட்டும் சொன்னார், மேலே கேட்டால் பேச்சை மாற்றுகிறார். எத்தனை லட்சம் தேங்காய் உடைத்த மனுசன்!

பவானிக்கரைத் தங்கச்சி சொன்ன பச்சை நீர் எனக்கும் வந்தது, ஐந்தாம் நாள். நர்ஸ் முகத்தை எல்லோரும் பார்க்க, நான் மட்டும் "பித்தம்தானே, நிற்கும்" என்றேன். இது எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். எனக்கு ஒன்பது நாளில் நின்றுவிட்டது. தலையணை யோசனைக்குத் தங்கச்சிக்குத் தனியாக ஒரு டின் செக்கெண்ணெய் கடன்பட்டிருக்கிறேன்.

பயாப்சி பன்னிரண்டாம் நாள் வந்தது. மியூசினஸ் சிஸ்டிக் நியோபிளாசம். சினைப்பை மாதிரித் திசு இருக்கிறது. செல்களில் லேசான மாற்றம் மட்டும், ஊடுருவல் இல்லை. வெட்டிய ஓரம் சுத்தம். புழுவின் அடையாளம் எங்கும் இல்லை. கீமோ கிடையாது. ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று என்றிருக்கிறார். சி.ஏ. 19-9 இப்போது 14. அதைப் பார்க்க வேண்டியதில்லை என்று நீங்கள் சொன்னீர்கள், இருந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

செலவு: காப்பீட்டு அட்டையில் பெரும்பகுதி போனது. பயாப்சியில் கூடுதலாகச் செய்த சாயப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் கைப்பணம். இன்னும் மூன்று மாதம் மூட்டை தூக்கக் கூடாது, குனிந்து பருப்பு அள்ளக் கூடாது. களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கணக்கு மட்டும் எழுதுகிறேன். காரம் குறைத்து மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துச் சாப்பிடுகிறேன். இப்போது ஒரு முழுக் களி உருண்டை உள்ளே போகிறது. ஐப்பசியில் கால் உருண்டை போகாது.

மாட்டு டாக்டர் ஐயாவுக்கு: நாய்க்கு மாத்திரை போட்டாயிற்று, 17 கிலோ இருந்தான். நோம்பியில் எங்கள் கிடாயின் ஈரலில் ஒரு குமிழ் இருந்தது. மாமியாரே மண்வெட்டியை எடுத்துப்போய்ப் புதைத்துவிட்டு, மேலே ஒரு கல்லையும் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார்.

பவானிக்கரை | அன்று மாலை

அக்கா, எண்ணெய் கடலையா தேங்காயா?

களத்துக்காரி | அன்று இரவு

காங்கயத்துக்காரியிடம் இதெல்லாம் ஒரு கேள்வியா தங்கச்சி. விலாசத்தைத் தனிச் செய்தியில் அனுப்பு.